கீழே வைத்த கத்தி

1

சீமையில் குடியேறிய தமிழன் ஊருக்கு எழுதினால் பனியைப் பற்றி எழுத வேண்டும். பனி, குளிர், காலையில் கதவைத் திறக்க முடியவில்லை, ரொட்டி தின்று நாக்கு செத்துப்போயிற்று, அம்மா வைக்கும் ரசம் நினைவுக்கு வருகிறது. இதை எத்தனை பேர் எழுதியாயிற்று! படிக்கிற நீங்களும் "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டிவிட்டு, அடுத்த தபாலிலேயே ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பச் சொல்லி எழுதுகிறீர்கள். எனக்குக் குளிர் பழகிவிட்டது. ரசம் இங்கேயும் வைக்கிறோம். ஆகையால் இதில் பனி கிடையாது.

இந்த மாதத்தோடு நான் செஞ்சியை விட்டு ஷெஃபீல்டுக்கு வந்து ஆறு வருஷம் முடிகிறது. அறுபத்து மூன்றில் வந்தேன், இது அறுபத்தொன்பது. அரம், உளி, சுத்தியல் ஆகியவற்றைப் பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கிடங்கில் குமாஸ்தா வேலை. இது கத்திக்குப் பேர்போன ஊர். உங்கள் வீட்டில் வெள்ளைக்காரன் காலத்து மடக்குக் கத்தி ஏதாவது கிடந்தால் அலகின் அடியைத் துடைத்துப் பாருங்கள், இந்த ஊர்ப் பேர்தான் அடித்திருக்கும்.

நான் எழுதப்போவது அப்படி ஒரு கத்தியைப் பற்றி. அதனால் என் மானம் போனது. போக வேண்டிய மானம்தான்.

2

இங்கே பழைய மடக்குக் கத்தி சேர்க்கிறவர்களுக்கு என்று ஒரு சங்கம் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மதுக்கடையின் மாடியில் கூடுவார்கள். இருபது பேர் வருவார்கள். ஒவ்வொருவரிடமும் நூறு கத்தி இருக்கும். அந்த நூறில் ஒன்றாவது ஒரு வெங்காயத்தை நறுக்கியிருக்குமா என்றால், இல்லை. அறுத்தால் கத்தி கெட்டுப்போகுமாம். மானின் கொம்பில் பிடி, எலும்பில் பிடி, ஆமை ஓட்டில் பிடி. அலகை விரித்து, காதோரம் கொண்டுபோய் மடக்கி, அது "டக்" என்று உட்காரும் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்தால் தலையாட்டுவோமே, அந்த ஆட்டம் இங்கே கத்தியின் ஸ்பிரிங்குக்கு. ஒருமுறை பசித்தது என்று என் கத்தியால் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்தேன். மாடி முழுவதும் பேச்சு நின்றுவிட்டது.

நான் எப்படி அங்கே போனேன் என்றால், ஆறேழு மாதத்துக்கு முன்னால் கிடங்கில் பெட்டிக் கயிற்றை என்னிடம் இருந்த மடக்குக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்ததை மேஸ்திரி பார்த்துவிட்டார். மூன்று வருஷமாக என் பெயரைச் சரியாகச் சொல்லாத மனுஷர் அன்று பக்கத்தில் வந்து, "இதை எங்கே பிடித்தாய்?" என்று கேட்டார். என் அப்பாவுடையது என்றேன். எலும்புப் பிடி, இரண்டு அலகு, இதே ஊரில் எண்பது வருஷத்துக்கு முன்னால் செய்தது, இந்த மாதிரி இப்போது கிடைப்பதே இல்லை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அந்தச் சனிக்கிழமையே மாடிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே என் ஊரைப் பற்றிக் கேட்டார்கள். மூன்று மலை, மூன்றையும் சுற்றி மதில், அகழி, யானைத் தொட்டி என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான். உன் அப்பாவுக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டைக்குச் சொந்தக்காரராக இருக்கும் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். செஞ்சிக் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் விற்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் முதல்முறையாக நாலு வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்த்து எழுந்து நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

3

உள்ளூர்ப் பைத்தியங்களைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். இங்கே இருபது பேர் என்றால் எங்கள் கடைத்தெருவில் நாலு பேர். நைனா, அதாவது என் அப்பா, ஒருவர். எங்கள் கடைக்கு நேர் எதிரே எண்ணெய்க் கடை வைத்திருந்த சபாபதி ஒருவர். பாத்திரக் கடைக்காரர் ஒருவர். பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர். இந்த நாலு பேருக்கும் மடக்குக் கத்தி என்றால் உயிர்.

பாண்டிச்சேரி பக்கம்தானே. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் அங்கே தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. அவர்கள் வீட்டில் தேடினால் ஏதாவது கத்தி அகப்படும். கொள்முதல் என்று சொல்லி பஸ் ஏறிப் போய், சாயங்காலம் ஒரு கத்தியோடு நைனா திரும்புவார். அப்படி ஒன்பது கத்தி சேர்ந்திருந்தது. கடையில் கயிறு அறுக்க வைத்திருந்ததோ ஒரு மொண்ணைக் கத்தி. தொண்டூரிலிருந்து ஏற்றக் கயிறு வாங்க வந்த குடியானவர், நைனா அறுக்கிற அறுப்பைப் பார்த்துவிட்டு, "இன்னா கடக்காரரே, பல்லால கடிச்சாக்கூட இன்னேரம் அறுந்திருக்கும்" என்றார். ஒன்பது கூர்க் கத்தி கல்லாப்பெட்டியில் தூங்குகிறது, வெளியே மொண்ணை வேலை செய்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் நாலு பேரும் எங்கள் கடையில் கூடுவார்கள். பலகைமேல் ஒரு சிவப்புத் துணியை விரிப்பார்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உப்பு மாதிரி, எள் மாதிரி. ஆகவே காட்டுகிறவர் கீழே வைப்பார், பார்க்கிறவர் எடுப்பார். பார்த்து முடித்ததும் அவரும் கீழேதான் வைப்பார். இப்படி நாலு பேர், பத்துப் பதினைந்து கத்தி, எடுத்து எடுத்து வைத்தபடி ஒரு மணி நேரம் போகும். இங்கிலீஷ்காரன் கத்தியைத் துடைக்கக்கூட மாட்டான், பழமை போய்விடுமாம். எங்கள் ஆட்கள் செங்கல்தூள் போட்டுத் தேய்த்து முகம் பார்ப்பார்கள். சபாபதி ஒருபடி மேலே. கடலை எண்ணெயில் தோய்த்துத் தோய்த்து, அவர் கத்தி எல்லாம் பிசுக்கேறிப்போய் வடை சட்டி வாசம் அடிக்கும்.

சபாபதியிடம் ஒரு கத்தி இருந்தது, அதன்மேல் நைனாவுக்கு ஒரு கண். மூன்று கத்தி தருகிறேன், அதைக் கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "உன் ஒம்போதையும் குடுத்தாலும் நடக்காதுய்யா" என்பார் சபாபதி. அந்தக் கத்தி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நைனாவின் ஒன்பதும் எப்படி இருக்கும் என்றும் தெரியாது. சிவப்புத் துணி விரிந்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஒரு நாளாவது நின்று பார்த்ததில்லை.

4

பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டபோது விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். எங்கள் கடையில் உட்கார்ந்து, ஒரு சோடா குடித்து, சாக்கு மூட்டைகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பையன் மேல ஏதாவது கேசு கீசு இருக்குதா?" என்று நைனாவைக் கேட்டார்.

"எம்புள்ளையா? அடுத்தவன் கடையில ஒரு சாண் கயிறு தொட்டவன் கெடையாது."

ஏட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். என்ன பிரமாதமான விசாரணை! ஆனால் அந்த ஒரு வரியில்தான் நான் கப்பல் ஏறினேன்.

புறப்பட்ட அன்று காலை கடையில் ஒரே கூட்டம். மாலை, எலுமிச்சம்பழம், ஆளுக்கொரு புத்திமதி. வல்லத்திலிருந்து கடலைக்காயோடு வந்திருந்த மாமா, அங்கே கடலை விளையுமா என்று பத்துத் தடவை கேட்டார். மனைவி தனம், ஐந்து வயது மகள் செல்வியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்காக வாசலில் நின்றாள். நைனா யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் பலகைமேல் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அடுத்த தடவை பார்த்தபோதும் அங்கேயே இருந்தது. பஸ் ஹாரன் அடித்தது.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். என் அப்பா வாய் திறந்து பிரியத்தைச் சொல்கிற மனுஷர் அல்ல. கத்தியைக் கையில் கொடுக்கவும் மாட்டார். உயிருக்கு உயிரான ஒன்பதில் ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார். எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பாண்டிச்சேரி ரோட்டில் பஸ் திரும்புகிற வரை பையின்மேல் கையை வைத்திருந்தேன்.

இதைப் பற்றி ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. அப்பாவுக்கு நன்றி சொல்லி எழுதுகிற பழக்கம் எங்கள் வீட்டில் எவனுக்கும் கிடையாது.

5

போன மாதம் முதல் சனிக்கிழமை. சங்கத்து மாடியின் நடுவில் பச்சைக் கம்பளி விரித்த ஒரு மேஜை உண்டு. நான் எப்போதும் சுவரோர பெஞ்சில் உட்காருகிறவன். அந்த மேஜைப் பக்கம் போனதில்லை. அன்று அதற்கு அந்தப் பக்கம் ஹால்டன் நின்றிருந்தார். பாங்கியில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்; அவர் வீட்டில் கத்திக்கென்றே தனி அறை உண்டு என்று பேசிக்கொள்வார்கள். அவர் என் கத்தியைப் பார்க்க வேண்டும் என்று கையை நீட்டினார்.

கத்தியை நான் கையில் கொடுப்பேனா? நம்பிக்கை இல்லாதவன்தான், ஆனால் கைக்கு அது தெரியாது. மேஜைமேல் வைத்தேன்.

ஹால்டன் எடுத்தார். விரித்தார், மடக்கினார், காதோரம் வைத்துக் கேட்டார். பிறகு தம் பையிலிருந்து ஒரு தடித்த கத்தியை எடுத்து, என் கத்தி இருந்த இடத்தில் வைத்துவிட்டு என்னவோ கேட்டார். இந்த ஊர் ஆட்கள் பேசுவது எனக்கு இன்னும் பாதிதான் விளங்கும். நன்றாகப் பாருங்கள் என்ற அர்த்தத்தில், நாம் ஆட்டுவோமே, அப்படித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். ஹால்டன் என் கத்தியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பச்சைக் கம்பளிமேல் வைத்த கத்தி மாற்றிக்கொள்ள வைத்த கத்தியாம். ஒருவர் தம் கத்தியைப் பக்கத்தில் வைத்து, முதலில் வைத்தவர் தலையசைத்துவிட்டால் காரியம் முடிந்ததாம்; நான் ஆட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சங்கத்தின் காரியதரிசி அச்சடித்த எட்டுப் பக்கப் புத்தகத்தைப் பிரித்து விதியைக் காட்டினார். அது தவறுதலாக நடந்தது என்றேன். அதற்கும் விதி உண்டு. இரண்டு பிரதிகளில் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். கமிட்டி மூன்று மாதம் கழித்துக் கூடி யோசிக்கும். ஓர் ஆரஞ்சுப் பழம் நறுக்கத் துணிவில்லாத கூட்டத்துக்குக் கமிட்டி!

ஹால்டன் வைத்துவிட்டுப் போனதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் எட்டுச் சாமான்கள் மடங்கியிருந்தன. ஒன்று, குதிரைக் குளம்பில் மாட்டிய கல்லை எடுப்பதற்கு. கிடங்குக்கு பஸ்ஸில் போகிற எனக்கு அது எத்தனை உபயோகம் என்று எண்ணிப் பாருங்கள்.

செல்விக்கு இப்போது பதினொன்று. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், அதுவும் இந்த ஊர்த் தெரு ஆங்கிலத்தில். என் கதையைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் கையில் கொடுக்கிறார்கள், நீங்கள் ஏன் மேஜையில் வைத்தீர்கள்?" என்றாள். சண்டை வரும் என்ற நம்பிக்கையைச் சொன்னேன். "இப்போது வந்திருக்கிறதே" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டாள்.

6

மூன்றாம் நாள் நைனாவின் கடிதம் வந்தது. அவர் பேசுவது போலவே எழுதுவார். சமையலறையில் தனத்துக்காக உரக்கப் படித்தேன். செல்வி மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சபாபதி ஒரு மாசமாப் படுக்கையில இருக்கறான். ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சி. நீ ஊர விட்டுக் கெளம்பன அன்னிக்கி அவன் கத்தி நம்ம கடையில காணாமப் போச்சி. நான் கேட்டுக்கினே இருந்தனே, அந்தக் கத்தி. உன்ன வழியனுப்ப வந்தவன், கடைசியில மனசு எறங்கி, நல்ல நாளாச்சே, எடுத்துப் பாருன்னு எனக்குப் பலகை மேல வெச்சான். நான் பாக்கறதுக்குள்ள கூட்டம் வந்துடுச்சி. பொறவு பாத்தா இல்ல. நான்தான் ஆசப்பட்டு ஒளிச்சி வெச்சிக்கினேன்னு கடைத்தெரு பூரா சொன்னான். நான் எடுக்கலன்னு சொன்னேன். அதோட அவனுக்கும் எனக்கும் பேச்சு நின்னுப்போச்சி. கப்பலு ஏறுன பையன் மேல கேசுன்னு வந்தா சீமையிலருந்து திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பத்திரம் எழுதறவரு சொன்னாரு. அதனால உனக்கு எழுதல. எலும்புப் புடி, ரெண்டு அலகு. அலகு மடங்கற எடத்துல உள்பக்கம் பித்தளையில 'ச'ன்னு கீறியிருக்கும். உங்கிட்ட இருந்தா அனுப்பு. இல்லன்னா இல்லன்னு எழுது. அவன் கண்ண மூடறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

ஆறு வருஷம். நேர் எதிரே இருக்கிற கடை. காலையில் கதவைத் திறந்தால் அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஆறு வருஷமாக என் அப்பா கடைத்தெருவில் கத்தித் திருடன். நான் இங்கே அவர் பெயரைச் சொல்லி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருநாள் நின்று அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்திருந்தால் அது எங்கள் கத்தி இல்லை என்று தெரிந்திருக்கும். ஒரு வரி எழுதிப்போட்டிருந்தால் அடுத்த மாதமே தெரிந்திருக்கும். பித்தளையில் எழுத்து இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம் கயிறு அறுத்தேன், ஒரு தடவை உள்ளே பார்க்கவில்லை. கத்தி சேர்க்கிறவர்களை எல்லாம் கேவலமாகப் பேசுகிற வாய் இது.

"இன்னாங்க, அப்படியே உக்காந்துட்டீங்க?" என்றாள் தனம்.

"என்ன எழுதறதுன்னு பாக்கறேன்."

"இல்லன்னு எழுதிடுங்க. மாமாவே அதத்தானே கேக்கறாரு. படிச்சிப் பாருங்க, இல்லன்னு எழுத மாட்டானான்னு ஏங்கிப்போயி எழுதியிருக்கறாரு."

அவள் சொன்னது சரிதான். இல்லை என்று நான் எழுதிவிட்டால், தான் செய்யாததைச் சொல்லிவிட்டார்கள் என்ற ரோஷத்தோடு நைனா நிமிர்ந்து நடப்பார். இருக்கிறது என்று எழுதினால், சபாபதி சொன்னது பாதி உண்மை, திருட்டு எங்கள் வீட்டில்தான் என்று ஆகும். ஏட்டிடம் அவர் சொன்ன வார்த்தையும் பொய்யாகும்.

"கத்தியும் கையில இல்ல," என்றாள் தனம். "கடவுளாப் பாத்து எடுத்துக்கினு போயிட்டான்னு நெனச்சிக்கங்க."

நான் எடுத்தது நைனாவுடைய கத்தியாகவே இருக்கலாம், எலும்புப் பிடி உலகத்தில் ஒன்றா இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்துக்கொண்டேன். எழுத்து இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

7

செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சில் தடுமாறினால் உதவுவாள் என்று தனத்திடம் சொன்னேன். குழந்தையைப் பார்த்தால் அந்த ஆள் இரங்குவான் என்பதுதான் உள் எண்ணம். நான் எவ்வளவு மட்டமானவன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

ஹால்டன் வீட்டுக் கத்தி அறையில் சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொரு கத்தியின் கீழும் ஒரு சின்ன அட்டை. எங்களை நிற்க வைத்தபடியே ஓர் இழுப்பறையை இழுத்தார். என் கத்தி நீலப் பட்டின்மேல் படுத்திருந்தது. அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "இந்தியக் கோட்டை ஒன்றின் ஆயுதசாலையிலிருந்து வந்தது. உள்ளே கீழைநாட்டு அரச முத்திரை."

"முத்திரையா?" என்றேன்.

பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கத்தியை விரித்து, இரண்டு அலகுக்கும் நடுவில் இருந்த பித்தளையைப் பார்த்தேன். ஆணியால் கீறிய "ச". ராஜ முத்திரையாம்! கடலை எண்ணெய் விற்கிறவன் தன் பொருள் காணாமல் போகக்கூடாது என்று கீறி வைத்த எழுத்து. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணாடிக்குள் அந்த எழுத்து கட்டைவிரல் அளவுக்குப் பெரிசாகத் தெரிந்தது.

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் அப்பா சாகக் கிடக்கிறார், கடைசியாக அவருடைய கத்தியைப் பார்க்க ஆசைப்படுகிறார், தயவு செய்து திருப்பிக் கொடுங்கள் என்றேன். குரலைக்கூடக் கொஞ்சம் நடுங்கவிட்டேன். ஹால்டன், வருந்துகிறேன், ஆனால் மாற்றிக்கொண்டது மாற்றிக்கொண்டதுதான் என்று இழுப்பறையைத் தள்ளினார்.

"தாத்தா சாகவில்லை," என்றாள் செல்வி, ஆங்கிலத்தில்.

"செல்வி, சும்மா இரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஹால்டனைப் பார்த்து, கணக்கு ஒப்பிக்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "அந்தக் கத்தி தாத்தாவுடையதும் இல்லை. எதிர்க் கடை எண்ணெய்க்காரருடையது. அவர்தான் சாகக் கிடக்கிறார். ஊரில் எல்லாரும் தாத்தாவைத் திருடன் என்கிறார்கள். எடுத்தது அப்பா. அப்பாவுக்கு அப்போது தெரியாது, இப்போது தெரியும்."

எனக்குக் காது இரண்டும் எரிந்தன. தமிழே மறந்துவிட்டது என்று நான் புலம்பிக்கொண்டிருந்த பிள்ளை, அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறாள்.

"உண்மையா?" என்று ஹால்டன் என்னைக் கேட்டார்.

"ஆமாம்."

"கோட்டை?"

"கோட்டை இருக்கிறது. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கயிற்றுக் கடை."

அந்த மனுஷர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சங்கத்து மாடியில் அவர்களை நான் ஆறு மாதமாகப் பார்த்த பார்வைதான் அது. திருட்டுப் பொருளைத் தம் வீட்டில் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்க முடியாது என்றார். அட்டையை நாலாகக் கிழித்தார். ஒரு தாளில் ஏதோ எழுதி என் முன்னால் தள்ளினார். இந்தக் கத்தி உரியவரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டு, அவரிடம் சேர்ப்பிக்கத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதியிருந்தது அந்த ஒன்றுதான். போட்டேன். அவருடைய எட்டுச் சாமான் கத்தியைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தபோது செல்வி தமிழில் கேட்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகோ.

"தாத்தாக்கு அனுப்பிடுவீங்க இல்ல?"

"அனுப்பிடுவேன்."

"நாளைக்கேவா?"

"நாளைக்கே."

8

தபால் ஆபீஸில் சுங்கப் பாரம் நீட்டினார்கள். உள்ளே இருப்பது என்ன, அன்பளிப்பா, விற்பனைப் பொருளா, ஏதாவது ஒன்றில் குறி போடு. இரண்டும் இல்லை என்றேன். இரண்டும் இல்லாத பொருளைத் தபாலில் அனுப்ப முடியாது என்றாள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். அன்பளிப்பு என்று குறி போட்டேன். கூட ஒரு கடிதமும் வைத்திருந்தேன். நான்தான் எடுத்தேன், உங்களுடையது என்று நினைத்து எடுத்தேன், என்னை மன்னியுங்கள் என்று மூன்று வரி. அதற்குமேல் எழுத வரவில்லை. சங்கத்துக்கு அதன் பிறகு போகவில்லை. போனாலும் நாற்காலி கிடைக்காது.

ஐந்து வாரம் கழித்து, நேற்று, பதில் வந்தது. இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். செல்விதான் தபால் பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். பக்கத்தில் நின்று, நான் படிக்கப் படிக்கக் கேட்டாள். இந்தமுறை அவளுக்காகவே, ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் படித்தேன்.

"கத்தி வந்து சேந்துச்சி. 'ச' இருந்துச்சி. கடைத்தெருவுல எல்லாரும் இருக்கிற நேரமாப் பாத்து எதிர்க் கடைக்குப் போனேன். சபாபதிய நாற்காலியில தூக்கி வெச்சிருந்தாங்க. எம்புள்ளதான் எடுத்துக்கினு போயிட்டான், எனக்கு இத்தினி நாளும் தெரியாதுன்னு எல்லாரும் கேக்கறமாதிரி சொன்னேன். தெரியாதுன்னது பொய். நீ கப்பலு ஏறுன மறுநாளே எனக்குத் தோணிடுச்சி. வெளிய சொல்லல. அவ்ளோதான். அவன் அலகுல பல்லு விழுந்து கெடந்ததப் பாத்துட்டு, இன்னாய்யா இது, உம்புள்ள இதால கல்லு ஒடச்சானான்னான். ஆறு வருசம் கழிச்சி அதான் எங்கிட்ட பேசன மொத வார்த்த. பொறவு எங்க ரெண்டு பேருக்கும் காப்பி வந்துச்சி. அவனால கெளாச புடிக்க முடியல, நான்தான் ஊத்தனேன். இப்ப எடுத்தது யாருன்னு கடைத்தெரு பூரா தெரியும். பாத்திரக்கடக்காரன் காறித் துப்பனான். துப்பட்டும். நீ ஊருக்கு வரும்போது சூட்டு கோட்டு போட்டுக்கினு, நெஞ்ச நிமித்திக்கினு, சீமைக்காரன் மாதிரி பஸ்ஸ வுட்டு எறங்காத. அந்த மரியாத உனக்கு இங்க இல்ல. ஆனா வா."